பிரானூர் பார்டரில் ஒரு கேசட்

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் வழியில் பிரானூர் பார்டர் இருக்கிறது. அங்கே பார்டர் கிடையாது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் எல்லை புளியரைப் பக்கம் நகர்ந்துவிட்டது. மிச்சம் பெயரும் பரோட்டாவும்தான். அரசாங்கமே தன் கோட்டை அழிக்கும். ஒரு நாட்டுக் கேசட் இன்னொரு நாட்டுப் பெட்டியில் ஓடக் கூடாது என்று வீடியோ கேம் கம்பெனிக்காரன் போட்ட கோடு மட்டும் பிரம்மா எழுதியது!

சூப்பர் நிண்டெண்டோவை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் 1990, அமெரிக்காவில் 1991. உள்ளே பூட்டுச் சில்லு இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். பிறகு ஜப்பான் கேசட்டை அமெரிக்கப் பெட்டியில் தடுத்தது எது? செருகும் வாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல். தென்காசி ரிப்பேர் கடை அண்ணாச்சியிடம் நீட்டினால், "இதுக்கா வேய் தூக்கிட்டு வந்தீரு?" என்று மூக்குக் குறட்டால் பொட்டு பொட்டென்று முறித்து, டீ ஆறுமுன் திருப்பித் தந்துவிடுவார்.

சேகாவின் மெகா டிரைவ் கொஞ்சம் மரியாதை கேட்கும். போர்டில் செம்புத் தடத்தைக் கீறி அறுத்து, வயர் பற்றவைத்து, இரண்டு சுவிட்ச் வைக்க வேண்டும்: ஒன்று மொழிக்கு, ஒன்று டிவி படத்தின் 50/60 ஹெர்ட்ஸுக்கு. இந்த இரண்டாவதுதான் பகல் கொள்ளை. ஐரோப்பாவுக்கு 50-ல் விற்றபோது ஆட்டத்தை அதற்கேற்ப மாற்றி எழுதச் சோம்பல்பட்டார்கள். ஓட்டத்துக்கே பேர்போன சோனிக் அங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் செத்து நொண்டினான். விலை மட்டும் நொண்டவில்லை.

டிவிடி வந்தது; அதே புத்தி. துபாய் 2-ஆம் மண்டலம், சிங்கப்பூர் 3, நாம் 5. கடையநல்லூர்க்காரர் துபாய் வெயிலில் வெந்து சம்பாதித்த காசு ஊருக்கு வரலாம். அந்தக் காசில் வாங்கிய தட்டு மட்டும் வீட்டு பிளேயரில் ஓடக் கூடாது.

இவர்கள் கையில் குற்றாலத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஆரியங்காவுக் கணவாயில் தென்மேற்குக் காற்றை மறித்து, "நீ கேரள வெளியீடு, இங்கே சாரல் அடிக்காதே" என்பார்கள். ஐந்தருவியில் ஐந்து கிளைக்கும் ஐந்து மண்டலம். தலையில் எண்ணெயோடு நிற்பவன் தவறான கிளையில் தலையை நீட்டினால் தண்ணீர் நின்றுவிடும்.

தொண்ணூறுகளில் நம் ஊர் டிவியில் மாட்டிய நகல் பெட்டிகளுக்கு இந்தப் பூட்டே கிடையாது. '9999 இன் 1' கேசட்டில் ஒரே ஆட்டம் நூறு பெயரில் வந்தாலும், ஓடியது. கள்ளச் சரக்கு வாங்கியவன் காலாட்டிக்கொண்டு மாரியோ ஆடினான். பில் போட்டு வாங்கிய மடையன் குறட்டைத் தேடி அலைந்தான்.

போதாததற்கு 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு. உரிமை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை. நோக்கமா? காசு கொடுத்து வாங்கியதை ஆட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். இதைச் சொல்லக் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமாம். ஆஸ்திரேலியாவில் பிளேஸ்டேஷனுக்குப் பூட்டைத் தாண்டும் சில்லு வைத்துக் கொடுத்த ஒருவர் சோனியோடு மல்லுக்கட்டி, 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். நம் அண்ணாச்சிக்கு அவ்வளவு நேரமில்லை. சீசன் சமயம், பழுதுக்கு வந்த மிக்ஸியே மூன்று காத்துக்கிடக்கிறது.