இட்லி வேனுக்கு ஒரு அனுமதிச் சீட்டு

வெளிநாட்டில் பாட்டு எடுக்க வரும் தமிழ்ப் பட யூனிட்டுக்கு உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும். ஓட்டல் பிடிக்க, வேன் பிடிக்க, ஹீரோவுக்கு எங்கிருந்தாவது ரசம் பிடிக்க. அந்த ஆளுக்குக் கோஆர்டினேட்டர் என்று பெயர். நியூயார்க்கில் கொஞ்ச காலம் அந்தப் பதவி என்னிடம் இருந்தது. சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. படம் தொடங்கும்போது ஓடும் நன்றிப் பட்டியலில் ஒரு நகைக்கடைக்கும் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் என் பெயர் வரும். அதிலும் ஒரு எழுத்து குறையும்.

சென்னையிலிருந்து தயாரிப்பாளர் போன் செய்தால் முதல் கேள்வி ஒன்றுதான்.

"தம்பி, ரோட்டுல ஷூட் பண்ண அங்க யாரைப் பார்க்கணும்?"

யாரையும் பார்க்க வேண்டாம் சார், விண்ணப்பம் போட்டால் போதும் என்றேன். எதிர்முனையில் சற்று நேரம் பேச்சில்லை. பல வருடங்களாகச் சினிமாவில் பழம் தின்று கொட்டை போட்டவர். "சரிப்பா, அந்த விண்ணப்பத்தை யார் பார்ப்பாங்க? அவரை யாரு போய்ப் பார்க்கணும்?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. நியூயார்க்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. தெருவுக்கு ஒரு துறை, பாலத்துக்கு ஒரு துறை, பூங்காவுக்கு ஒரு துறை என்று வாசல் வாசலாக ஏறி இறங்கினால்தான் ஒரு காட்சி எடுக்கலாம். 1966-இல் மேயர் ஜான் லிண்ட்சே சினிமாவுக்கென்றே ஓர் அலுவலகம் திறந்து எல்லாவற்றையும் ஒரே அனுமதிச் சீட்டுக்குள் அடக்கினார். அந்தச் சீட்டும் பல வருடங்கள் இலவசம். 2010-இல்தான் விண்ணப்பக் கட்டணமாக 300 டாலர் வைத்தார்கள். இதைச் சொன்னதும் தயாரிப்பாளருக்கு உயிர் வந்தது. காசு வாங்குகிறார்கள் என்றால் வேலை நடக்கும் என்பது அவர் நம்பிக்கை. இலவசம் என்றிருந்தால் டிக்கெட்டையே கேன்சல் செய்திருப்பார்.

அடுத்து இன்ஷூரன்ஸ். பத்து லட்சம் டாலருக்குப் பாலிசி வேண்டும், அதில் நியூயார்க் நகரத்தின் பெயரையும் சேர்க்க வேண்டும். "பத்து லட்சம் டாலரா? அதுல ஒரு படமே எடுத்துடலாமே!" என்றார். கட்டப்போவது பிரீமியம் மட்டும்தான் என்று விளக்க ஒரு முழு போன் கால் பிடித்தது. பிறகு டைம்ஸ் ஸ்கொயர். டாம் குரூஸ் 'வெனிலா ஸ்கை' படத்தில் ஆளில்லாத டைம்ஸ் ஸ்கொயரில் தனியாக ஓடுவாரே, அந்த மாதிரி நம் ஹீரோவுக்கும் காலி செய்து தரச் சொல் என்றார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நகரமே ஒத்துழைத்து எடுத்த காட்சி அது என்றேன். "நம்ம ஹீரோவும் சீக்கிரம் எழுந்திருப்பாருப்பா" என்றார். அது பொய்.

அவரை மலை இறக்க, 'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' கதையைச் சொன்னேன். 1971-இல் வந்த படம். மேலே ரயில் ஓட, கீழே ஒரு கார் துரத்தும். அந்தத் துரத்தலை முறையான அனுமதி இல்லாமலே எடுத்ததாக இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ரயிலைத் தர வேண்டிய அதிகாரி, 40,000 டாலரும் ஜமைக்காவுக்கு ஒரு டிக்கெட்டும் கேட்டாராம். அதுவும் போவதற்கு மட்டும். விஷயம் தெரிந்தால் தன் வேலை போய்விடும், திரும்பி வந்து என்ன செய்வது என்று. இதுவும் ஃப்ரீட்கின் சொன்னதுதான். இப்படியெல்லாம் இனி நடக்காது என்று புரியவைக்கத்தான் சொன்னேன்.

"அந்த அதிகாரி இன்னும் ஜமைக்காவுலதான் இருக்காரா?" என்றார் தயாரிப்பாளர்.

இத்தனை பேச்சுக்கும் பிறகு வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர்த் தெருவில் படம் எடுக்க அனுமதியே வேண்டாம். கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமானால் ஒரு முக்காலியையும் நிறுத்திக்கொண்டு, நடப்பவர்களை மறிக்காமல் எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். இந்தச் சலுகைக்குப் பின்னால் ஓர் இந்தியர் இருக்கிறார். 'ஃபைனல் சொல்யூஷன்' ஆவணப்படம் எடுத்த ராகேஷ் சர்மா 2005-இல் மன்ஹாட்டன் தெருவில் சின்னக் கேமராவோடு டாக்சிகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது போலீஸ் அவரைப் பிடித்து வைத்து விசாரித்தது. பிறகு அவர் அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். வழக்கு போட்டார். சமரசமாகி, விதிகளை எழுதித் தருகிறோம் என்றது நகரம்.

எழுதிய முதல் வரைவைப் பார்க்க வேண்டுமே! இரண்டு பேர் சேர்ந்து ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் கேமராவோடு நின்றால் அனுமதியும் இன்ஷூரன்ஸும் வேண்டும் என்றது அது. ஊரே கொதித்தது. ஒரு தமிழ்க் குடும்பம் ஊர் சுற்றிப் பார்க்க வந்து குரூப் போட்டோ எடுப்பதை யாரோ ஓர் அதிகாரி ஓரமாக நின்று பார்த்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். சித்தப்பா கூலிங் கிளாஸைக் கழற்ற, அத்தை புடவை மடிப்பை நீவ, குழந்தை கேமராவைப் பார்க்கும் நொடியில் பாட்டி புறாவைப் பார்க்க, அரை மணி எங்கே போதும்? நல்லவேளையாக அந்த வரைவு செத்தது. 2008-இல் நடைமுறைக்கு வந்த விதிகள்தான் நமக்கு வாழ்வு கொடுத்தவை.

ஆகவே கேமராமேன் தடையின்றி எடுக்கலாம், ஹீரோ தடையின்றி ஆடலாம். வில்லன் கையில் பொம்மைத் துப்பாக்கி இருந்தால் மட்டும் அனுமதி வேண்டும். அதைக் கிராபிக்ஸில் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாகி, வில்லன் கடைசிவரை வெறுங்கையை நீட்டி மிரட்டினார். சப்வே நகரத்தின் கையில் இல்லை, அது வேறு நிர்வாகம். சுதந்திர தேவி சிலையோ மத்திய அரசின் இடம். இரண்டையும் கதையிலிருந்து தூக்கியாயிற்று. பாட்டுதானே, கதையா கெட்டுவிடும்?

இனி அனுமதி எதற்கு என்று கேட்பீர்கள். வண்டி நிறுத்த.

நியூயார்க்கில் தங்கத்தைவிடக் கிராக்கியான பொருள் தெருவோரத்தில் ஒரு கார் நிற்கும் இடம். தெரு பெருக்கும் நாளுக்கு வலப்பக்கம், அடுத்த முறைக்கு இடப்பக்கம் என்று காரை மாற்றி மாற்றி நிறுத்தியே அங்கே ஆயுள் கழிகிறது. அந்த மாற்றலுக்கு விடுமுறை விடும் நாட்களில் தீபாவளியும் ஒன்று. எண்ணெய்க் குளியலை மறந்த நம்மவர்கள்கூட அன்று நிம்மதியாகத் தூங்குவார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பக்கத் தெருவையே வளைத்து, மேக்கப் வேனும் லைட் வேனும் சாப்பாட்டு வேனும் நிறுத்த வேண்டும் என்றால், நகரம் உட்காரவைத்துத்தான் பேசும். விண்ணப்பத்தில் காட்சி விவரத்துக்கு நான் எழுதியது ஒரு வரி: காதலர்கள் நடக்கிறார்கள். வண்டி விவரத்துக்குப் பக்கங்கள். எந்தத் தெரு, எந்த இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுவில், தெருவின் எந்தப் பக்கம், எத்தனை வண்டி. காதலைப் பற்றி யாருக்கும் சந்தேகம் எழவில்லை. இட்லி வேனைப் பற்றித்தான் கேள்வி மேல் கேள்வி.

சீட்டு கிடைத்த பிறகும் இடம் தானாகக் கிடைத்துவிடாது. 48 மணி நேரம் முன்னதாக, இங்கே கார் நிறுத்தாதீர்கள் என்று தெருவெங்கும் காகிதம் ஒட்ட வேண்டும். இடத்தைக் காவல் காக்க அந்த ஊர் சினிமாவில் தனி ஆட்களே உண்டு, பார்க்கிங் பி.ஏ. (புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட்) என்று. சினிமாவில் சேர்ந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, ராத்திரி முழுக்க ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவே காரில் உட்கார்ந்து வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகம். ஓவர்டைம் கேட்டு அவர்கள் கோர்ட்டுக்கே போயிருக்கிறார்கள். போக வேண்டியதுதான்.

எங்களிடம் பி.ஏ. வைக்கக் காசில்லை. நான்தான் கூம்பு. நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் காகிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். என்ன படம், யார் ஹீரோ, ஒன்றும் கேட்கவில்லை. "எப்போது போவீர்கள்?" என்றார். அடுத்த நாளும் வந்தார், அதே கேள்வி. யூனிட்டில் அத்தனை பேரையும்விடப் படம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று உண்மையாக ஆசைப்பட்டவர் அவர்தான்.

படப்பிடிப்பன்று காலை, சென்னையிலிருந்து வந்த புரொடக்‌ஷன் மேனேஜர் அண்ணன் களத்தில் இறங்கினார். "அம்மா, பத்தே நிமிஷம்மா" என்று சொல்லிச் சாலிகிராமத்தில் எந்த வீட்டு கேட்டையும் திறக்கவைத்து, சாயங்காலம் வரை பூட்டவிடாதவர். நான் காவல் காத்த இடத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இது தூரம் தம்பி. ஹீரோ இவ்வளவு தூரம் நடக்க மாட்டார். அங்க பாருங்க, ஊரே இடமில்லாம தவிக்குது, நமக்குன்னே ஒண்ணு காலியா இருக்கு!"

அவர் காட்டிய இடத்தில் நடைபாதை ஓரமாகக் குட்டையாக ஓர் இரும்புக் குழாய் நின்றது. தீயணைப்பு வண்டிகளுக்கானது. அதற்கு இருபக்கமும் 15 அடிக்குள் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. நம் சீட்டும் அங்கே செல்லாது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் மேக்கப் வேன் அங்கே போய் நின்றுவிட்டது. "யாராச்சும் வந்தா பேசிக்கலாம் தம்பி" என்றார்.

வந்தவர் பேசவில்லை. கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் காகிதத்தைச் செருகிவிட்டு நடந்தார். அபராதம் 115 டாலர். அண்ணன் அவர் பின்னாலேயே "சார், சார், டூ மினிட்ஸ்" என்று அடுத்த சிக்னல் வரை ஓடிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பினார். காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு தன் வவுச்சர் நோட்டில் ஒரு வரி எழுதினார்.

படம் வெளியாகிப் பல மாதம் கழித்து, சென்னையிலிருந்து கம்பெனி ஆடிட்டர் என்னைக் கூப்பிட்டார். மற்ற கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது, ஒரே ஒரு வவுச்சர்தான் இடிக்கிறது என்றார். "தண்ணிக் குழாய், நியூயார்க், 115 டாலர்னு போட்டிருக்கு. அவ்வளவு தண்ணி எதுக்கு சார் பிடிச்சீங்க?"

ஒரு சொட்டுகூடப் பிடிக்கவில்லை என்றேன். அப்படியானால் காசைத் திருப்பிக் கேளுங்கள் என்றார்.