வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே வான்வழிப் பயண நேரம்: ஒரு முன்னாய்வு

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு விமானத்தில் போக எவ்வளவு நேரமாகும் என்பதற்குக் கணக்கர்கள் ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள். தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரைமணியைக் கூட்டு. மாநகரங்களுக்கு இது பழுதில்லை. சிற்றூர்களுக்கும் செல்லுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஆய்வுக்களம், ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னி தீவுகள். வெஸ்ட்ரேயில் சுமார் 600 பேர். பாப்பா வெஸ்ட்ரேயில் 100 பேர்கூடத் தேறமாட்டார்கள். இரண்டிலும் விமானத்தளம் உண்டு. இடைத்தூரம் 2.7 கிலோமீட்டர், அதாவது எடின்பரோ விமான நிலைய ஓடுபாதையின் நீளத்தைவிடச் சற்றே அதிகம். 1967 முதல் லோகனேர் என்னும் நிறுவனம் இங்கே விமானம் விடுகிறது. அட்டவணைப்படி 2 நிமிடம். பெரும்பாலும் ஒன்றரை நிமிடம். சாதனை 53 விநாடி.

வாய்பாட்டைப் போட்டுப் பார்ப்போம். வகுத்தால் 12 விநாடி. அரைமணியைக் கூட்டினால் 30 நிமிடம் 12 விநாடி. அப்படியானால் விமானத்தின் வேகம் மணிக்கு 5.4 கிலோமீட்டர். கடல்மேல் நடக்க வல்லவர் எவரேனும் இருந்தால் கொஞ்சம் எட்டிப்போட்டு முந்திவிடலாம். வாய்பாடு தோற்றது என்க.

‘பூமி உருண்டையாயிற்றே, பெருவட்டத் தூரமல்லவா எடுக்கவேண்டும்?’ என்பாரும் உளர். எடுத்தோம். இந்தத் தொலைவுக்குள் பூமி புடைத்திருப்பது 14 சென்டிமீட்டர். அரைச் சாணுக்குச் சற்று மேல். விமானி இதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

அவருக்கு வேறு வேலை இருக்கிறது. விமானம் எட்டுப் பேர் அமரும் பிரிட்டன்-நார்மன் ஐலண்டர். பணிப்பெண் கிடையாது, விமானியே பின்னால் திரும்பி பெல்ட் போடச் சொல்கிறார். இடம் போதவில்லையென்றால் அவர் பக்கத்து சீட்டிலேயே ஒரு பயணி உட்கார்ந்துகொள்ளலாம். பாதுகாப்பு விதிகளைத் தரையிலேயே சொல்லி முடித்துவிடுவது நல்லது. மேலே போய்ச் சொன்னால் முதல் விதிக்குள் ஊர் வந்துவிடும்.

அற்றேல், இத்துணைத் தூரத்துக்கு விமானம் எதற்கு, படகு போதாதா எனின்: போதாது. வடகடலில் குளிர்காலக் காற்று படகைக் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை. அதோடு, ‘உலகின் மிகக் குறுகிய பயணம்’ என்று புகழப்படும் இது உண்மையில் தனிப் பயணமே அன்று. விமானம் புறப்படுவது ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலிலிருந்து. ஒரு தீவில் இறங்கி, மறுதீவுக்குத் தாவி, மீண்டும் கிர்க்வால் திரும்பும். ஆசிரியரும் மருத்துவரும் வந்துபோவது அந்தச் சுற்றில்தான். நடுவிலுள்ள அந்த இரண்டு நிமிடம், டவுன் பஸ் அடுத்த ஸ்டாப்பில் நிற்பதைப் போன்றது. ஸ்டாப்புக்கு ஸ்டாப் தூரம் அளந்து உலகசாதனை என்று கொண்டாடியது உலகத்தாரின் குற்றமேயன்றித் தீவினரின் குற்றம் ஆகாது.

ஆயினும் அந்த இரண்டு நிமிடத்துக்காகவே வெளியூரிலிருந்து வருகிறவர்கள் உண்டு. பறந்ததற்குச் சான்றிதழும் கொடுக்கிறார்கள். அதை எழுத்துக்கூட்டி வாசிக்கும் நேரத்துக்கும் பறக்கும் நேரத்துக்கும் உள்ள விகிதம் மேலாய்வுக்கு விடப்படுகிறது.