மீட்டர் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: சுவிட்சர்லாந்தில் பாடன் நகரில் வாடகைக்கு இருக்கிறோம். முன்பணம் கட்டும் மின் மீட்டர் பழுது. இருப்பு இருந்தும் கரண்ட் இல்லை. மாற்ற வேண்டியது வீட்டுக்காரரா, நாங்களா?
- ஒரு வாசகி, பாடன்

பதில்: இரண்டு பேரும் இல்லை! சுவிஸில் மீட்டர் மின்வலையமைப்பு நிறுவனத்தின் சொத்து. உங்கள் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் ஒரே ஆசாமி அதுதான். உடனே நிறுவனத்துக்குப் போன் போடுங்கள். மீட்டர் எண்ணையும் திரையில் தெரியும் இருப்புத் தொகையையும் முதலில் படம் எடுத்து வையுங்கள். புது மீட்டருக்குப் பழைய காசைக் கேட்டு வாங்க அதுதான் சாட்சி. ஈய முத்திரையில் மட்டும் கை வைக்காதீர்கள். வீட்டுக்காரருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்: மீட்டர் கம்பெனியின் பொறுப்பு, சுவருக்குள் ஓடும் வயர் அவர் பொறுப்பு.

ஆனாலும் வேடிக்கைதான். பிரவுனும் பொவேரியும் 1891-ல் கம்பெனி தொடங்கி உலகத்துக்கே மின் இயந்திரம் அனுப்பிய ஊர் பாடன். அங்கே இருட்டில் உட்காருவது, திருப்பதி போய் லட்டு கிடைக்காமல் திரும்புவது மாதிரி!

இன்னொன்று: 2027 முடிவுக்குள் 80 சதவீத மீட்டர்கள் ஸ்மார்ட் மீட்டராக வேண்டும் என்பது சுவிஸ் விதி. ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் கணக்கெடுக்க ஆள் வரமாட்டார்; பில் மட்டும் தவறாமல் வரும்.