நொடித்துப்போக அனுமதி கோரும் விண்ணப்பம்

பெறுநர்: மத்திய கம்பெனி விவகார அமைச்சகம், புது தில்லி.
பொருள்: தோல்வியடைய அனுமதி கோருதல் – சம்பந்தமாக.

மேன்மை தங்கிய ஐயாக்களுக்கு,

மதுரைக்கு மேற்கே, சமணமலை அடிவாரத்தில், கீழக்குயில்குடியில் ‘வெல்னஸ் சென்டர்’ என்று போர்டு மாட்டி, அதை ஊத்தி மூடியவள் எழுதிக்கொள்வது. கடை மூடியாயிற்று. நான்தான் இன்னும் திறந்தே கிடக்கிறேன். அதன் பொருட்டே இந்த விண்ணப்பம்.

இடம் சரியில்லையோ என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோவில், மேலே செட்டிப்புடவில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர். அவரைவிட அனுபவசாலியான யோகா மாஸ்டர் இந்த வட்டாரத்தில் கிடையாது, கட்டணமும் வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மதுரையிலிருந்து கார்கள் வருகின்றன. இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், வெயில் ஏறும் முன் டிபனுக்குப் போய்விடுகிறார்கள். நிம்மதி மலையிலேயே ஓசியில் கிடைத்துவிட்ட பிறகு என் அருகம்புல் சாற்றுக்கு யார் நிற்பார்கள்?

சரி, உள்ளூரில் ஆள் சேர்க்கலாம் என்றால், நாற்று நட்டுவிட்டு வந்த பெரியம்மா ஒருவர், முழங்கால் வரை சேறோடு வாசலில் நின்று, விலைப்பட்டியலைப் பேத்தியை வாசிக்கச் சொன்னார். பேத்தி அதைச் சுருக்கி, “குனிஞ்சு நிமிர மாசம் எண்ணூறு” என்றாள். “ஏத்தா, குனியிறதுக்கு நான் கூலி வாங்குறவ. நீ என்னடான்னா குனியிறதுக்கு எங்கிட்டயே காசு கேக்குற” என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போனார். கடனுக்காகக் கொடுத்த புராஜக்ட் ரிப்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிக் கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை.

அரசு எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஜிம், யோகா நிலையம் போன்றவற்றுக்கு ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தீர்கள். கோடி கும்பிடு. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவே வேண்டாம் என்பதால், நான் கட்டாத வரியில் 13 சதவீதத்தை எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஜூன் 21-ஆம் தேதி நாடு முழுக்க இலவசமாக யோகா நடத்தி எனக்குப் போட்டியாக வந்ததைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.

என் குறையெல்லாம் கோட்டுப் போட்ட தம்பி ஒருவர் கிளப்பிவிட்டது. தொழில்முனைவோர் பயிலரங்கு ஒன்றில், எடிசன் படத்தைத் திரையில் காட்டி (எடிசன் இல்லாமல் தமிழ்நாட்டில் பயிலரங்கு நடத்தத் தடை ஏதும் இருக்கிறதா, தெரிவிக்கவும்), “ஃபெயிலியரை ஹக் பண்ணுங்க மேடம்” என்றார். சான்பிரான்சிஸ்கோவில் 2009-இலேயே தோல்விக்கென்று தனி மாநாடு கூட்டினார்களாம். கூட்டலாம். அமெரிக்காவில் கடனில் விழுந்த ஆள் திவால் சட்டத்தின் ஏழாம் அத்தியாயத்தில் மனுப் போட்டு, இருப்பதைக் கொடுத்துவிட்டு, சில மாதங்களில் கையை வீசிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். இங்கிலாந்தில் பெரும்பாலும் 12 மாதம். அவர்கள் முதலில் வாசல் வைத்தார்கள், பிறகு மாநாடு போட்டார்கள். நமக்கு மாநாட்டுப் பேச்சு மட்டும் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது.

நம்மிடம் சட்டம் இல்லையா என்றால், பேஷாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டம். கம்பெனிகள் நொடிப்பதற்கான பகுதியை அந்த டிசம்பரிலேயே அமலுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். அந்த வழியில் தீர்வு கண்ட கம்பெனிகளில், கடன் கொடுத்தவர்கள் கேட்டதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது; மீதிக்கு, ஜாமீன் நின்றவர்கள் வீட்டைத் தவிர, யாரும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்பதில்லை. 2021-இல் சிறுதொழில்களுக்கென்றே ஒரு சுருக்குவழியும் போட்டீர்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன்: கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் மட்டும். நான் வெறும் புரொப்ரைட்டர். சட்டப்படி என் கடையும் நானும் ஒரே உடம்பு.

தனிமனிதர்களுக்கும் அதே சட்டத்தில் மூன்றாம் பகுதி இருக்கிறது. 2019 டிசம்பரில் அதன் கதவை ஒருக்களித்துத் திறந்தீர்கள், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும். அதே பகுதியில், கடனிலிருந்து விடுவிக்க, ‘புதுத்தொடக்கம்’ என்று ஒரு அத்தியாயம். படித்தபோது கண்ணில் நீர் கோத்துவிட்டது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சொத்து 20,000-க்குள். கடன் 35,000-க்குள். சொந்த வீடு இருக்கக் கூடாது. ஐயா, முத்ரா திட்டத்தில் ஆகச் சின்னக் கடனுக்கு ‘சிசு’ என்று பெயர். அதுவே 50,000 ரூபாய் வரை. உங்கள் தொட்டிலுக்குப் பிறந்த பிள்ளையே பெரிசாக இருக்கிறது. நான் வாங்கியதோ அதற்கு மூத்த ‘கிஷோர்’. அந்தக் கடன் வராமல் போனால் வங்கிக்கு ஈடுகட்ட அரசே உத்தரவாத நிதி வைத்திருக்கிறது. ஆக, என் தோல்வியில் வங்கி தோற்காமல் இருக்க ஏற்பாடு உண்டு.

இவ்வளவு சொன்னபின் முக்கியமானது: அந்த 35,000 ரூபாய் அத்தியாயத்தையும் இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. அதனால் என் போன்றவர்களுக்கு இன்றைக்கும் 1920-ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டம்தான். 500 ரூபாய் கடனிருந்தால் கோர்ட்டுக்குப் போய் ஐ.பி., அதாவது திவால் மனு, போடலாம். மஞ்சள் நோட்டீஸ் விட்ட வீட்டில் பெண் எடுக்க எவன் வருவான் என்று என் அம்மா கேட்கிறாள். அவளுக்கு அந்தப் பயிலரங்கு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். டிவியை நிறுத்தச் சொன்னாள்.

சட்டம் என்றால் நாள் பிடிக்கும் என்பீர்கள். எங்கள் ஊர் அனுபவம் வேறு. 1911-இன் குற்றப்பரம்பரைச் சட்டம், 1914-இல் கள்ளர் ஊர்களிலேயே முதலாவதாகக் கீழக்குயில்குடிக்கு வந்து சேர்ந்தது. மூன்றே வருடம். பிறந்த பாவத்துக்குக் கைரேகை பதிந்தார்கள். ராத்திரி சொந்த வீட்டில் படுக்கக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அதை விலக்க 1947 ஆயிற்று. ஆளைப் பிடித்துவைக்கும் சட்டத்துக்கு இந்த ஊருக்கு வழி தெரிந்திருக்கிறது. விடுவிக்கிற சட்டம் 2016-இல் கிளம்பியது, எந்தச் சுங்கச்சாவடியில் நிற்கிறதோ.

இதற்கிடையில் வங்கியிலிருந்து ஒரு தம்பி வருகிறார். நல்ல பிள்ளை. வந்ததும் யோகா பாயில் சம்மணம் போட்டு, “அக்கா, ஒரு தேதி சொல்லுங்க” என்பார். டார்கெட் நெருக்குகிறது, தூக்கமே இல்லை என்று ஒருநாள் புலம்பினார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். இப்போது நன்றாகத் தூங்குகிறாராம். என் நிலையத்தில் பலன் கண்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான்; கட்டணம் கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஆகவே, மூன்றாம் பகுதியை மிச்சம் வைக்காமல் அமலாக்கி, அந்த 35,000 வரம்பை ஒரு முத்ரா கடன் நுழையும் அளவுக்காவது உயர்த்தி ஆவன செய்ய வேண்டுகிறேன். அறிவிக்கை வெளியானால் அரசிதழ் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்காது. பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அடுத்த தவணை 5-ஆம் தேதி. தம்பிக்கு நானே ஃபார்வர்டு செய்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கம்பெனி அல்லாத ஒருத்தி,
கீழக்குயில்குடி.