பழைய கியர்பொக்ஸ் கொள்வோர்க்கு அளவையியல்: பெரியநீலாவணையை முன்னிறுத்திய ஓர் ஆய்வு

நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுவோர் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது நன்னூலார் விதி. காரின் கியர்பொக்ஸ் போனவருக்கு அந்த எட்டில் மூன்று போதும். எல்லை: வடக்கே மட்டக்களப்பு மாவட்டம், தெற்கே மருதமுனை, கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயலும். கேட்போர்: காரைத் தள்ளிக்கொண்டு கராஜுக்கு வந்தவரும், கூடவே தள்ளிவந்த மச்சான்மாரும். பயன்: மறுமுறை தள்ளாதிருத்தல்.

1. ஆய்வின் தேவை

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆனது. இடைப்பட்ட ஐந்தாண்டு காலத்தில், கார் பழசாகப் பழசாக விலை ஏறும் என்ற புதுப் பொருளியல் விதியை இந்நாடு உலகுக்கு வழங்கியது. கதவு திறந்த பிறகும் வரிகள் வாசலில் நின்றுகொண்டன. ஆகவே கியர் பிடிக்காத கொரொல்லாவை விற்றுத் தொலைக்கும்படி பெரியநீலாவணையில் புத்தியுள்ள எவரும் சொல்வதில்லை. கழற்றித் திருத்தவும் பலர் துணிவதில்லை. ஓட்டோ கியர்பொக்ஸின் உள்ளே அடுக்கடுக்காக கிளச் தட்டுகளும், நூல் இழை அளவுக்கு நுட்பமான ஒயில் வழிகளும் இருக்கின்றன. ஒரு தூசி போனாலும் வேலை கெட்டுவிடும். மிஞ்சும் வழி ஒன்றுதான்: வேறொரு காரில் ஓடிய கியர்பொக்ஸை முழுதாக வாங்கிப் பூட்டுவது.

2. முன்னோர் ஆய்வுகள்

ஊர்ப் பெயரையே புனைபெயராக்கிக்கொண்ட கவிஞர் நீலாவணன் (1931–1975) வேளாண்மையைக் காவியமாக்கினார். கியர்பொக்ஸைப் பின்வந்தோருக்கு விட்டுவிட்டார். பின்வந்தோர் நாங்கள்தான். மற்றபடி இத்துறையின் அறிவெல்லாம் செவிவழி அறிவே. கராஜ் வாசலிலும் தேநீர்க் கடையிலும் அது இலவசமாகக் கிடைக்கிறது. அதை நம்பிய பின்னர்தான் செலவு தொடங்குகிறது.

3. பொருளின் தோற்றம்

ஜப்பானில் புதிய காரை மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் ஈராண்டுக்கு ஒரு முறையும் ‘ஷாகென்’ என்ற கட்டாயப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். செலவுக்கு அஞ்சி, நன்றாக ஓடும் காரையும் அங்கே பலர் கைவிடுகிறார்கள். எங்களைப் போலவே அவர்களும் வீதியின் இடப்பக்கத்தில் ஓடுகிறவர்கள். ஆகவே அவர்கள் கைவிட்டது எங்கள் கைக்குப் பொருந்துகிறது. சில கார்கள் முழுதாக வருகின்றன, சில துண்டுகளாக வருகின்றன. துண்டுகளின் தலைநகரம் கொழும்பு, பஞ்சிகாவத்தை. அங்கே வாங்கிய கியர்பொக்ஸ் லொறியிலோ, தெரிந்த பஸ்காரரின் தயவிலோ கிழக்குக் கரைக்கு வந்து சேரும்.

4. அறியும் வழிகள்

மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதி ஒவ்வொருவரையும் தேடிச் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்குபவரின் நிலை அதுவே. அவளுக்கு அளவைவாதி, மெய்யை அறியும் வழிகள் பத்து என்கிறான். இவ்வாய்வுக்கு வேண்டிய ஆறை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஆகமம். அதாவது, ஐயத்துக்கு அப்பாற்பட்ட பெரியோர் வாக்கு. இங்கே பெரியோர் என்பவர் கடைக்காரர். வாக்கு: “அவுலக் நே மாத்தயா (பிரச்சினை இல்லை ஐயா), கொஞ்சம்தான் ஓடியிருக்கு.” ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் காரின் முன்பலகையில் இருக்கும். கியர்பொக்ஸுக்கு மீட்டர் கிடையாது. எனவே இவ்வாக்கை மெய்யென்றும் நிறுவ முடியாது, பொய்யென்றும் நிறுவ முடியாது. ஆகமத்துக்கு உரிய இலக்கணம் முழுதும் அமைந்துவிட்டது.

ஐதிகம். இந்த மரத்தில் தெய்வம் உறைகிறது என்று ஊர் சொல்வதை ஏற்பது. கியர்பொக்ஸில் உறையும் தெய்வம் ஒரு ஜப்பானியக் கிழவி. கிழமைக்கு ஒருநாள் மெதுவாகக் கடைக்குப் போய்வந்தவள். இலங்கைக்கு வந்த கியர்பொக்ஸ்களில் பெரும்பாலானவை அவளுடையவை.

அபாவம். இல்லாததைக் கொண்டு அறிதல். கியர்பொக்ஸில் ஒயில் இல்லை என்றால், ‘ஒழுக்கு இல்லை’ என்று கடைக்காரர் அறிகிறார். ‘சாட்சியை வடித்துவிட்டார்கள்’ என்று கராஜ் பாஸ் அறிகிறார்.

அருத்தாபத்தி. சொன்னதிலிருந்து சொல்லாததைப் பெறுதல். “நல்லா ஓடிக்கொண்டிருந்த காரில் கழற்றினது” என்றால், நன்றாக ஓடிய காரை ஏன் வெட்டினார்கள் என்ற கேள்வி தானாகப் பிறக்கிறது.

கருதல். புகையைக் கண்டு நெருப்பை அறிவது. பின்னால் அடிபட்ட காரில் முன்னே இருக்கும் கியர்பொக்ஸ் தப்பியிருக்கும் என்று கருதலாம். முன்னால் அடிபட்டதென்றால், கூட்டில் வெடிப்பைத் தேட வேண்டும். ஒயில் கருகி மணந்தால் உள்ளே கிளச் தட்டுகள் கருகியிருக்கின்றன. மணத்துக்கு வேறு விளக்கம் சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

காண்டல். கண்ணால் பார்ப்பது. ஓட்டோ கியர் ஒயில் பெரும்பாலும் சிவப்பு. பழகியது மங்கலாம், கருமை ஆகாது. ஃபலூடா நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது, அந்தக் கடையை விட்டு இறங்கிவிடலாம். அடித்தட்டைக் கழற்றவிட்டால் உள்ளிருக்கும் காந்தத்தைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறச் சேறு வயதின் அடையாளம். மின்னும் இரும்புச் செதில் சாவின் அடையாளம். பூட்டும் காதுகள் உடைந்திருக்கின்றனவா, வயர் முனைகள் வெட்டுப்பட்டிருக்கின்றனவா என்பதும் இதில் அடங்கும். வெள்ளி நிறப் பெயின்ட் அடித்து மினுக்கிய கியர்பொக்ஸ் கடைக்காரரின் சுத்தத்துக்கு மட்டுமே சான்று.

5. கள உரையாடல்

ஆய்வுப் பரப்பில் காருக்குரியவருக்கும், ‘காக்கா’ எனப்படும் பாஸுக்கும் இடையே வழங்கும் உரையாடல் வகைக்கு ஒரு மாதிரி:

“காக்கா, நல்ல சாமான் எண்டு கடைக்காரன் சொல்றான்.”

“விக்கிறவன் வேற என்னத்தத் தம்பி சொல்லுவான்? நம்பரக் கேளு.”

“பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்காம்.”

“பார்க்க நானும் ஒன்ட வாப்பாவும் ஒரே மாதிரித்தான். ஒன்ட ஊட்டுல சோறு போடுவாங்களா?”

காக்கா சொன்ன நம்பர் டொயோட்டா கார்களில் பெயர்த்தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். கொரொல்லா 121இன் 1500 சிசி ஓட்டோ காரில் இருப்பது யு340ஈ, நான்கு கியர் கொண்டது. அதற்குப் பின்வந்த 1500 சிசி அக்ஸியோ 141இல் கே310 என்ற சிவிடி. அதில் கியர்ப் பல்லுக்குப் பதிலாக, இரண்டு கப்பிகளுக்கு நடுவே உருக்குப் பட்டி ஓடும். இரண்டும் கொரொல்லாக் குடும்பந்தான், இரண்டுக்கும் ஒரே வகை என்ஜின்தான். ஆனாலும் ஒன்றின் இடத்தில் மற்றது சும்மா போய் உட்காராது. ஒயிலும் அப்படியே. சிவிடிக்குள் சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் பட்டி கப்பியைப் பிடிக்காமல் வழுக்கும். வாங்கிய கியர்பொக்ஸைப் பழுதாக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

6. பூட்டும் இயல்

நல்ல கியர்பொக்ஸும் பூட்டும்போது சாகலாம். டோர்க் கொன்வேர்ட்டர் முழுதாக உள்ளே அமர்ந்த பிறகே என்ஜினோடு சேர்க்க வேண்டும். அமராததை நட்டு முறுக்கி இழுத்துச் சேர்த்தால் முன்புற ஒயில் பம்ப் உடையும். பழைய கியர்பொக்ஸ் உதிர்த்த இரும்புத்தூள், ஒயிலைக் குளிரவைக்கும் குழாய்களில் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவாவிட்டால் முன்னவரின் நோய் பின்னவருக்கும் வரும்.

உத்தரவாதம் தனி ஆய்வுக்குரியது. கடைக்காரர் சில நாள் தவணை தருவார், கியர்பொக்ஸில் தன் அடையாளத்தையும் இடுவார். அந்த உத்தரவாதம் பொருளுக்கு மட்டும். கழற்றிப் பூட்டும் கூலியையும் ஊற்றிய ஒயிலையும் அது அறியாது. தவணை பில் எழுதிய நாளில் தொடங்குகிறது. கியர்பொக்ஸ் அப்போது பஸ்ஸில் இருக்கும், காக்கா வேறொரு வேனுக்கு அடியில் இருப்பார்.

7. முடிவு

பத்து அளவைகளையும் கேட்ட மணிமேகலை கடைசியில் காஞ்சியில் அறவண அடிகளிடம் போகிறாள். அளவைகள் இரண்டே, காண்டலும் கருதலும், மற்றவையெல்லாம் கருதலுள் அடங்கும் என்கிறார் அடிகள். பழைய கியர்பொக்ஸ் வணிகத்தில் இவ்வாய்வு கண்ட முடிவும் அதுவே. கிழவியை நம்பாதீர்கள். பாஸைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய ஒருநாள் கூலியும் பஸ் காசும் இந்தச் செலவில் ஆகக் குறைந்த பங்கு. கியர்பொக்ஸ் நம்பரையும், உத்தரவாதம் பூட்டிய நாளிலிருந்து தொடங்கும் என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் ஒரு பிளேன்ரீ மட்டும் குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நடவுங்கள்.