தோக்கிறதுக்குச் சுலப வழி

வாடா பேராண்டி, உக்காரு. சுவிட்சர்லாந்துல 'பத்ருய் தே கிளாசியே' பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கியாமே? காலுல பனிச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கிட்டு, மூணு பேர் ஒரு கூட்டா, செர்மாட்ல ராத்திரி கிளம்பி வெர்பியே போய்ச் சேரணும். 50 கிலோமீட்டருக்கு மேல தூரம், ஏத்தம் மட்டும் 4,000 மீட்டருக்கும் மேல. 1943ல அந்த ஊர்ப் பட்டாளம் தன் ஆளுங்களுக்கு வச்ச சோதனை. இன்னிக்கும் பட்டாளந்தான் நடத்துது. செயிக்கிற வழியை உன் கோச் சொல்லுவார். தோக்கிற வழியை நான் சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல, பசிக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டு ஏறு. தசையிலயும் ஈரல்லயும் சேத்து வச்ச சர்க்கரை ஏறக்கொறைய 2,000 கலோரிதான். விறுவிறுன்னு ஏறினா விடியறதுக்குள்ள அது காலி. "ஒடம்புலதான் கொழுப்பு இருக்கே தாத்தா"ம்பே. இருக்கு, வாயிலயும் நெறையவே இருக்கு. குதிரு நெறைய நெல்லு கெடந்தாலும் குத்திப் பொடைக்காம ஒலையில போட முடியுமா? கொழுப்பும் அப்படித்தான், மெதுவாத்தான் எரியும். அதுக்கு மூச்சுக்காத்தும் கூடுதலா வேணும். நீ தாண்டப் போற தெத் பிளான்ஷ் 3,650 மீட்டர் உசரம். காத்தழுத்தம் கடலோரத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான் அங்க. காத்தை யாருகிட்டக் கடன் கேப்பே?

அடுத்து, முதுகுப்பையோட தண்ணிக் குழாயை வெளியவே தொங்க விடு. குடிச்சிட்டு, குழாய்ல நிக்கிற மிச்சத்தை ஊதி உள்ள தள்றவனெல்லாம் பயந்தாங்கொள்ளிப் பய. நீ ஐஸ் குச்சியை உறிஞ்சிக்கிட்டே கெத்தாப் போ. தெம்புக்கு வச்ச சர்க்கரை ஜெல் பொட்டலத்தை மூட்டையோட அடியில திணி. குளிர்ல அது பிசினா இறுகிரும். கையுறையைக் கழட்டி, வெறச்ச வெரலால கிழிக்கப் பாத்து, கடைசியில பல்லால கடிக்கறதுக்குள்ள, பனியாத்துல ஒரே கயித்துல உன்னோட கட்டுண்டு நிக்கிற ரெண்டு பேரும் உன் குலத்தையே வாழ்த்துவாங்க. ஏத்தத்துல தின்னாம, எறக்கத்துல பாத்துக்கலாம்னும் இரு. எறங்கும்போது கை குச்சியில, கண்ணு பள்ளத்துல; வாய் மட்டும் சும்மா இருந்து என்ன பிரயோசனம்?

முக்கியமா, வயித்தைப் பழக்கிராத. குளுக்கோஸ் மட்டும்னா மணிக்கு 60 கிராம் போலத்தான் குடல் உள்ள விடும். பிரக்டோஸ் கலந்தா அதுக்கு வேற வாசல். பழகின குடல் 90 வரைக்கும் வாங்கும். பழகுறதுக்குப் பல வாரம் ஆகுமே, உனக்கு ஏது நேரம்? பந்தயத்தன்னிக்குப் புதுசா ஒண்ணை வாங்கி முழுங்கு. நடுமலையில ஒதுங்க எடம் தேடுறப்ப இந்தத் தாத்தனை நெனைச்சுக்க.

இதெல்லாம் வேணாம், கௌரவமா வெர்பியே போய்ச் சேரணும்னு நெனைச்சா செலவேயில்ல. இருவது நிமிசத்துக்கு ஒரு வாய், பசிக்கிறதுக்கு முன்னாடி. தாகம் குளிர்ல சட்டுனு தெரியாது, அதனால தண்ணியையும் கணக்கு வச்சுக் குடி. பொட்டலத்தை மேலுக்கு ஒட்டின பையில வையி. பலகையில கிராம் கிராமாக் கொறைக்கச் சம்பளத்தையே கொட்டினியே, அந்தக் கிராமைத் தீனியாத் தூக்கிக்க. கூட்டோட நேரத்தைக் கடைசி ஆளை வச்சுத்தான் எழுதுவான். அந்தக் கடைசி ஆளு, நேரத்துக்குத் திங்காதவனாத்தான் இருப்பான்.