ஊற்றுப் பாதையின் உயரம்

"அப்போ எங்கம்மா தண்ணி தூக்கினு வர்றது வேலை இல்லியா சார்?"

1994-இல், கல்வராயன் மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள். தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் பிறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எனக்கு வயது 24. கரும்பலகையில் 'வேலை = விசை × இடப்பெயர்ச்சி' என்று எழுதி, விசை செயல்படும் திசையில் பொருள் நகர்ந்தால்தான் அது வேலை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எடுத்துக்காட்டுக்கு, பெட்டியைத் தலையில் வைத்து ரயில் மேடையில் நடக்கும் போர்ட்டரைச் சொன்னேன். பெட்டியைத் தாங்கும் விசை மேல்நோக்கி. அவர் நடப்பதோ பக்கவாட்டில். ஆகவே பெட்டியின்மேல் அவர் செய்த வேலை சுழி. அந்த வகுப்பில் ரயிலைப் பார்த்த பிள்ளை ஒருவர்கூட இல்லை. அப்போது கள்ளக்குறிச்சிக்கே ரயில் கிடையாது, சின்னசேலத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதனால்தான் அவள் போர்ட்டரை விட்டுவிட்டுத் தன் அம்மாவை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தாள்.

"ஆமாம்மா, அறிவியல்படி வேலை இல்லை" என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள். மணி அடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

என் பதிலில் இரண்டு பிழைகள் இருந்தன. வேலை சுழி என்றால் ஆற்றல் செலவும் சுழி என்று ஆகாது. குடத்தைத் தாங்கும் தசைநார்கள் ஓயாமல் சுருங்கியும் தளர்ந்தும், சாப்பாட்டிலிருந்து வந்த ஆற்றலை எரித்து வெப்பமாக்கிக்கொண்டே இருக்கின்றன. சும்மாட்டை நனைக்கும் வியர்வை எங்கிருந்து வருகிறது? இதையாவது நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. போர்ட்டர் நடந்தது சமதளத்தில். மலையில் சமதளம் ஏது? ஊற்று பள்ளத்தில் இருந்தது, வீடுகள் மேட்டில் இருந்தன. அவள் அம்மா குடத்தைச் சுமந்து நடக்கவில்லை, ஏற்றினாள். நான் எழுதிப்போட்ட அதே வரையறைப்படி அது முழுமையான வேலை. ஜன்னல் வழியே ஒருமுறை பார்த்திருந்தால் போதும். அந்தப் பாதை தெரிந்திருக்கும். இது எனக்கு உறைத்தபோது நான் மாற்றலாகிக் கீழே வந்துவிட்டிருந்தேன். அவளிடம் திருத்திச் சொல்ல முடியவில்லை.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதற்குப் பிறகு மறுபடி மலைக்கே வந்தேன்; வேறு ஊர், வேறு பள்ளி. பிள்ளைகள் வீட்டில் இப்போது செல்போன் இருக்கிறது, தெருவில் குழாய் இருக்கிறது. பாடம் மட்டும் அதேதான். இந்தமுறை போர்ட்டரைத் தொடவில்லை. "ஊற்றுக்கும் தெருவுக்கும் எத்தனை மீட்டர் உயரம்?" என்று கேட்டு ஆரம்பித்தேன்.

ஒரு பையனின் அப்பா கொத்தனார். அவரிடமிருந்து டியூப் லெவல் வந்தது. கண்ணாடி போன்ற குழாயில் தண்ணீரை நிரப்பினால் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து, குச்சியில் அளவு குறித்துக்கொண்டு, ஊற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வந்தார்கள். இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தன. கூட்டிப் பார்த்தபோது 28 மீட்டர் வந்தது.

பிறகு கணக்கு. சுமப்பவர் 45 கிலோ, தண்ணீர்க் குடம் 15 கிலோ என்று வைத்துக்கொண்டோம். 60 கிலோவை 28 மீட்டர் ஏற்ற 16,464 ஜூல். ஒரு நாளைக்கு ஆறு நடை. கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஜூல். நான் முதலில் வந்த காலத்தில் வீடுகளில் தொங்கிய 60 வாட் குண்டு பல்பு இவ்வளவையும் 27 நிமிடத்தில் தின்றுவிடும். இன்றைய 9 வாட் எல்.இ.டி. அதை வைத்து மூன்று மணி நேரம் எரியும். வேலையையும் திறனையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை. ஏறுவதற்குப் பத்து நிமிடம் என்றால் சுமப்பவரின் திறன் சுமார் 27 வாட். ஒரு எச்.பி. என்பது 746 வாட். பாதி வீணானாலும்கூட ஒரு எச்.பி. மோட்டார் அந்த ஆறு குடங்களையும் ஒரு நிமிடம் சொச்சத்தில் மேலே ஏற்றிவிடும்.

மின்வாரியம் கணக்கிடும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். பிள்ளைகள் வகுத்துப் பார்த்தார்கள்: ஒரு யூனிட்டுக்கு ஈடாக 36 நாள் தண்ணீர் சுமக்க வேண்டும். 2016 முதல் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு ஈடு? பத்து ஆண்டு. வகுப்பு அமைதியானது.

"இவ்ளோதானா சார்?" என்றான் ஒருவன். அவன் முகம் ஏன் வாடியது என்று எனக்குப் புரிந்தது. தன் வீட்டு உழைப்பைத் தராசில் போட்டு, எடை குறைவாக இருக்கிறது என்று நினைத்தான். ஜூல் அளப்பது ஆற்றலை மட்டும்தான், களைப்பை அல்ல, தினமும் போகிற ஒரு மணி நேரத்தை அல்ல, ஊற்றுக்குப் போனதால் பிள்ளை தவறவிட்ட முதல் பாடவேளையை அல்ல என்று சொன்னேன். பத்து ஆண்டுச் சுமையை 100 யூனிட் இறக்கி வைக்கும் என்றால், தெருக்குழாய் மோட்டார் பழுதாகி வாரக்கணக்கில் கிடப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? அந்த நாட்களில் பெண்கள் பழையபடி ஊற்றுக்குத்தான் இறங்குகிறார்கள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு தெரிந்துவிட்டது. இதைச் சரிசெய்ய வேண்டியவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "ஏர்றதுக்குத்தான் கணக்கு போட்டோம். காலிக் குடத்தோட எறங்குறப்பதான் முட்டி நோவுதுன்னு எங்க ஆயா சொல்லும். அதுக்கும் கணக்கு இருக்குதா சார்?"

"இருக்கும்மா" என்றேன். இறங்கும்போது புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. ஒவ்வொரு அடியிலும் கால் தசைகள் பிரேக் போட்டபடியே வருகின்றன, அதற்கும் உடம்பு ஆற்றலைச் செலவிடுகிறது. சாக்பீஸை அவளிடம் கொடுத்தேன். ஊற்றுப் பாதையை மறுபடி வரைந்து, அம்புக்குறியைக் கீழ்நோக்கிப் போட்டாள்.